உத்தமபாளையத்தில் ஒரு சுவர்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு கேஷுவாலிட்டி டூட்டி. காலை ஒன்பதரை இருக்கும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை நாலு பேர் ஆட்டோவில் இருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். (ஊர், வயது, அடையாளம் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஊர்த் திருவிழாவுக்கு மினி மாரத்தான் வைத்திருக்கிறார்கள். பத்து கிலோமீட்டர். பையன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவன். முடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளாடியிருக்கிறான், சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறான், விழுந்திருக்கிறான், கை கால் வெட்டி இழுத்திருக்கிறது.

கையில் இரும்புச் சாவி. யாரோ வாயில் ஊற்றிய சோடா சட்டையெல்லாம் வழிந்து பிசுபிசு. நெற்றியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி. டெம்பரேச்சர் 106-க்கு மேல்.

சட்டையைக் கிழித்து, இருக்கிற ஐஸ் பேக்கை எல்லாம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, ரெண்டு டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பி, ஒரு பக்கம் ஐவி லைன், ஒரு பக்கம் வலிப்புக்கு ஊசி. சிஸ்டர்கள் இல்லையென்றால் அன்றைக்கு என்னால் ஒன்றும் முடிந்திருக்காது. நாற்பது நிமிடத்தில் 102-க்கு இறங்கியது.

வெளியே வந்து கூட வந்த பையனிடம் கேட்டேன். "தம்பி, ஓடுறப்ப தண்ணி எதுவும் குடிச்சானா?"

"இல்ல சார். ஓடும்போது குடிச்சா வயிறு புடிச்சுக்கும், வேகம் கொறஞ்சுரும், குடிக்கவே கூடாதுன்னு எங்க மாஸ்டர் சொல்லிருக்காரு."

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. அந்த மாஸ்டர் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை அது. 120 வருடம் முன்னால் ஒலிம்பிக்கையே நடத்திய ஒரு பெரிய மனிதர் நம்பிய விஷயம். கை மாறிக் கை மாறி நம்ம பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் வெறும் எம்பிபிஎஸ். ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணன் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு முழு மாரத்தான் ஓடி முடித்தவன், அதிலும் ஒரு முட்டாள்தனம் பண்ணியவன். அது பிறகு வரும்.

முதலில் தூரம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

தேனியில் கிளம்பி பழைய கம்பம் ரோட்டில் போங்கள். வீரபாண்டியில் கௌமாரியம்மனைத் தாண்டினால் சுமார் 8 கிலோமீட்டர். அப்புறம் கோட்டூர், சீலையம்பட்டி. சின்னமனூரை நெருங்கும்போது பாதி மாரத்தான். இடது கைப்பக்கம் மேகமலை, வலது பக்கம் கேரள எல்லை மலை, நடுவில் வயலும் தென்னையும் வாழையும். உத்தமபாளையம் வரும்போது 30. அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி தாண்டி கம்பம் போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய 40. அதற்கு அப்புறமும் கூடலூர் ரோட்டில் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போக வேண்டும். அதுதான் 42.195. வழி முழுக்க லேசான ஏற்றம். ஆனி, ஆடி என்றால் எதிர்க்காற்று வேறு.

இந்தத் தூரம் எங்கிருந்து வந்தது?

கி.மு. 490-ல் மாரத்தான் என்ற ஊரில் நடந்த போரில் கிரேக்கர்கள் ஜெயித்தார்கள், அந்தச் சேதியைச் சொல்ல ஃபிடிப்பிடிஸ் என்பவர் ஏதென்ஸ் வரை ஓடி, சொல்லிவிட்டு, விழுந்து செத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தப் போரைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் இதைச் சொல்லவே இல்லை. அவர் சொல்வது வேறு: போருக்கு முன்னால் உதவி கேட்டு ஏதென்ஸில் இருந்து ஸ்பார்டா வரை, சுமார் 240 கிலோமீட்டர், அந்தத் தூதர் ஓடினார் என்கிறார். சாகவும் இல்லை. விழுந்து செத்த கதை பல நூற்றாண்டுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. ஒரு டாக்டராக எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஓடுகிற தொழில்காரன் செத்துப்போவதுதான் வீரம் என்று கதையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள்.

ஓடுவது தொழிலாக இருந்தது நமக்கும் புதிதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மணி கட்டிய கோலோடு அஞ்சல் ஓட்டக்காரர்கள் ஓடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மெடல் கிடையாது, சம்பளம்தான்.

1896-ல் முதல் நவீன ஒலிம்பிக். ஏதென்ஸில் நடந்த மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர், அதாவது சரியாக நம்ம தேனி-கம்பம். ஜெயித்தவர் ஸ்பைரிடான் லூயிஸ். 2 மணி 58 நிமிடம் 50 நொடி. அவருடைய வேலை என்ன தெரியுமா? தண்ணீர் சுமந்து விற்பது!

தண்ணீர்க்காரர் ஜெயித்த ஓட்டத்தில் இருந்து எட்டே வருடத்தில் தண்ணீரையே பிடுங்கினார்கள்.

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். வெயில் 32 டிகிரி. மண் ரோடு. முன்னாலும் பின்னாலும் கார்கள் போய்ப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன. பொறுப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன். தண்ணீர் இல்லாமல் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குப் பார்க்க வேண்டும். அதனால் வழியில் பேருக்கு ஒன்றிரண்டு இடத்தில்தான் தண்ணீர். ஓட ஆரம்பித்தவர்கள் 32 பேர். முடித்தவர்கள் 14.

வில்லியம் கார்சியா என்பவர் ரோட்டோரம் விழுந்து கிடந்தார். விழுங்கிய புழுதி உள்ளே கிழித்து ரத்தம் கசிந்திருந்தது. எப்படியோ பிழைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த கறுப்பின ஓட்டக்காரர் லென் டௌவை நாய் துரத்தி வழி மாறி ஓட வைத்தது. அப்படியும் ஒன்பதாவதாக வந்தார். முதலில் வந்து நின்ற ஃப்ரெட் லோர்ஸ் வழியில் கணிசமான தூரம் காரில் வந்தவர். கண்டுபிடித்துத் துரத்திவிட்டார்கள்.

கடைசியில் தங்கம் தாமஸ் ஹிக்ஸுக்கு. அவர் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியபோது கூட இருந்தவர்கள் வாயைத் துடைத்துவிட்டார்கள், குடிக்கத் தரவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலந்த ஸ்ட்ரிக்னின். கூடவே பிராந்தி.

ஸ்ட்ரிக்னின் என்றால் என்ன என்று நம்ம மலையோரத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டிக்கொட்டை விஷம்தான் அது. கொஞ்சம் போனால் நரம்பை முறுக்கிவிடும். கொஞ்சம் கூடினால் வலிப்பு வந்து மூச்சு நின்றுவிடும். ஹிக்ஸுக்கு ரெண்டு தடவை கொடுத்தார்கள். கடைசி மைல்களில் அவர் இல்லாததையெல்லாம் பார்க்க ஆரம்பித்திருந்தார். ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க, காலை மட்டும் ஓடுகிற மாதிரி அசைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். 3 மணி 28 நிமிடம் 53 நொடி. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. கூட இருந்தவர் பிறகு ரொம்பப் பெருமையாக எழுதினார், நீண்ட ஓட்டத்துக்கு மருந்து நல்ல உதவி என்று.

எட்டு வருடம் கழித்து ஸ்டாக்ஹோம், 1912. மறுபடியும் 32 டிகிரி. தண்ணீர் குடித்தால் வியர்க்கும், வியர்த்தால் சோர்வு வரும் என்று நம்பியவர்கள் அப்போது நிறைய.

ஃபிரான்சிஸ்கோ லாசரோ, லிஸ்பன் நகரத்துத் தச்சர், வெயில் தாக்காமல் இருக்க உடம்பு முழுக்கக் கொழுப்பைத் தடவிக்கொண்டு ஓடினார். 30-ஆவது கிலோமீட்டர் அருகே விழுந்தார். மறுநாள் காலை இறந்துபோனார். ஒலிம்பிக் மாரத்தானில் நேர்ந்த முதல் மரணம்.

நம்ம உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதற்கு வைத்திருக்கிற முக்கியமான வழி வியர்வைதான். அதுவும் தோலில் இருந்து ஆவியாகிப் பறந்தால்தான் குளிர்ச்சி. ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. ஓடுகிறவன் ஒரு நடமாடும் அடுப்பு. லாசரோ அந்த அடுப்புக்கு மூடி போட்டுக்கொண்டார்.

அதே போட்டியில் ஜப்பானின் ஷிசோ கனகுரி மயங்கி, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அவர்கள் கொடுத்ததைக் குடித்துத் தெளிந்து, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஸ்வீடனில் அவரைக் காணாமல் போனவர் என்றே வைத்திருந்தார்களாம். 1967-ல் கூப்பிட்டு மீதியை ஓட வைத்தார்கள். நேரம்: 54 வருடம் 8 மாதம் 6 நாள் 5 மணி 32 நிமிடம் 20.3 நொடி. வீட்டில் போய் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

லாசரோ விழுந்தது 30 கிலோமீட்டரில். நம்ம கணக்குக்கு உத்தமபாளையம். அந்த இடத்துக்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "சுவர்". லாசரோவைச் சாய்த்தது வெயில். சுவர் என்பது வேறு. வெயிலே இல்லாவிட்டாலும் அது வரும்.

எனக்கே வந்தது. பயிற்சிக்காக ஒரு மார்கழிக் காலை, நாலு மணிக்கு தேனியில் கிளம்பினேன். சின்னமனூர் வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு ஜாலியாகத்தான் ஓடினேன். உத்தமபாளையம் தாண்டினதும் ஏதோ ஒரு ஸ்விட்சை யாரோ அணைத்த மாதிரி. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. கால் மட்டும் என்னுடையதாக இல்லை. அதைவிட மோசம் மண்டை. ரோட்டோர கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் கோபம் வந்தது. பைக்கில் போன பெரியவர் ஒருவர் "என்னய்யா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது. சத்தியமாக. முப்பது தாண்டிய ஒரு அரசு மருத்துவர், பொட்டல் ரோட்டில், காரணமே இல்லாமல் அழுதுகொண்டு நின்றேன்.

ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ரெண்டு வாழைப்பழம், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கால் மணி நேரத்தில் உலகம் பழையபடி நல்ல இடமாகிவிட்டது. மிச்சத்தைப் பஸ்ஸில் முடித்தேன்.

அந்த டீக்கடையில் எனக்கு நடந்ததை 1924-லேயே ஒருவர் அளந்து வைத்திருக்கிறார். சாமுவேல் லெவின். மருத்துவம் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கம். மாரடைப்பு வந்தவர் நெஞ்சில் கை முஷ்டியை வைத்துக்காட்டுவார் இல்லையா, "லெவின்ஸ் சைன்", அதே லெவின்தான். இன்சுலின் கண்டுபிடித்து ரெண்டு மூன்று வருடமே ஆன சமயம். பாஸ்டன் மாரத்தான் முடித்து வந்தவர்களின் ரத்தத்தை எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். பலருக்குத் தரையில் கிடந்தது. வெளிறிப்போய், நடுங்கி, குழம்பிப்போய் இருந்தவர்களின் தோற்றம் இன்சுலின் கூடிப்போன நோயாளியின் தோற்றமாகவே இருந்தது.

அடுத்த வருடம், 1925. அதே போட்டி. ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டார்கள், ஓடும்போது மிட்டாய் தின்றார்கள். சர்க்கரை இறங்கவில்லை, முடித்தபோது ஆட்களும் தெளிவாக இருந்தார்கள். மருந்தோ ஊசியோ இல்லை, கடையில் விற்கிற மிட்டாய்.

ஏன் 30 கிலோமீட்டர்? கணக்கு சிம்பிள். நம்ம ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. சுமார் 500 கிராம். அதாவது 2000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ எடைக்கு ஒரு கலோரி செலவு. 60 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டர் என்றால் 2500-க்கு மேல். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாக. தசை கொழுப்பை வைத்துச் சமாளிக்கும். மூளைக்கு ரத்தத்தில் இருக்கிற சர்க்கரைதான் சோறு. அதனால்தான் கால் சோர்வதற்கு முன்னாலேயே சிலருக்கு மனசு உடைந்துபோகிறது. அந்தப் பெரியவர் மேல் தப்பில்லை, என் மூளை பட்டினி.

சரி, நம்ம நாட்டு ஆட்கள் இந்தச் சுவரை எப்படித் தாண்டினார்கள்?

பூனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டியில் விவசாயிகள் வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்து அசந்துபோன தோராப்ஜி டாடா, ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்ப முயற்சி எடுத்தார். அப்படி 1920-ல் ஆன்ட்வெர்ப் போனவர்களில் ஒருவர் பெல்காமின் ஃபடேப்பா சௌகுலே. அந்த வருடப் பாதை ஒலிம்பிக் வரலாற்றிலேயே நீளமானது, 42.75 கிலோமீட்டர். (42.195 என்று நிரந்தரமாக முடிவானது 1921-ல். 1908 லண்டன் போட்டி விண்ட்சர் அரண்மனையில் தொடங்கியதால் வந்த தூரம் அது.) சௌகுலே 19-ஆவதாக வந்தார். 2 மணி 50 நிமிடம் 45 நொடி. முன்னபின்ன அனுபவம் இல்லாத குளிர் தேசத்தில்!

அப்புறம் சிவ்நாத் சிங். இவரைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதே இல்லை என்பது என் நீண்ட நாள் குறை. பீகாரின் பக்ஸர் பக்கத்துக்காரர், ராணுவ வீரர். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5000 மீட்டர் தங்கம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடம், 2 மணி 16 நிமிடம் 22 நொடி. காலில் ஷூ கிடையாது, பாதத்தில் டேப் சுற்றிக்கொண்டு ஓடுவார்.

1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது வருடத்துக்கும் மேலாக எந்த இந்தியராலும் அதைத் தொட முடியவில்லை. ஷூ மாறியது, ஜெல் வந்தது, கைக்கடிகாரம் இதயத் துடிப்பை எண்ண ஆரம்பித்தது. அந்த எண் அப்படியே நின்றது.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிற தம்பிகளுக்காக ஒரு கணக்கு. உங்களுக்கு 1500 மீட்டருக்கு 7 நிமிடம். சிவ்நாத் சிங் ஜலந்தரில் ஓடியது ஒவ்வொரு 1500-க்கும் சுமார் 4 நிமிடம் 42 நொடி. அப்படி அடுத்தடுத்து 28 தடவை. தேனியில் கிளம்பினால் ரெண்டு மணி ஐந்து நிமிடத்தில் கம்பம்.

2003-ல் ஹெபடைட்டிஸ் பி வந்து இறந்துபோனார். தடுப்பூசி இருக்கிற நோய். ஒரு டாக்டராக அது இன்னும் உறுத்துகிறது.

2016 ரியோ ஒலிம்பிக். ஓ.பி. ஜெய்ஷா. நம்ம கம்பம் மெட்டைத் தாண்டினால் வரும் அதே கேரளத்தில், வடக்கே வயநாட்டுக்காரர். முந்தின வருடம்தான் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 நொடியில் தேசிய சாதனை. ரியோவில் 2 மணி 47 நிமிடம் 19 நொடி, 89-ஆவது இடம், கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். வழியில் இந்தியாவுக்கு ஒதுக்கிய மேசைகளில் தண்ணீர்கூட இல்லை என்றார் அவர். தனிப் பானம் வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளரும் சொல்லிவிட்டார்கள் என்றது தடகள சம்மேளனம். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் 1904-ஐப் படித்த கண்ணோடு அந்த வீடியோவைப் பார்த்தேன். 112 வருடம் கழித்தும் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான்.

"அப்போ நிறையத் தண்ணி குடிச்சா முடிஞ்சது கதை, அதானே டாக்டர்?"

இல்லை. இங்கேதான் நானே விழுந்தேன்.

1953 விதிப்புத்தகம் வரைக்கும் முதல் 15 கிலோமீட்டருக்கு எதுவும் தரக் கூடாது என்று இருந்தது. பிறகு அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, மணிக்கு 600 முதல் 1200 மில்லி வரை, தாங்குகிற அளவு குடியுங்கள் என்றது. பான கம்பெனிகளுக்குக் கேட்கவா வேண்டும்?

அதற்கு முன்னாலேயே எச்சரித்தவர் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ். அங்கே டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே காம்ரேட்ஸ் என்று சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டு. (கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் போய் இறங்கிய அதே டர்பன், காந்தியை ரயிலில் இருந்து தள்ளிய அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்.) நீண்ட ஓட்டத்தில் மயங்கி விழுந்த நாலு பேரைப் பற்றி 1985-ல் எழுதினார். அவர்களுக்குத் தண்ணீர் குறையவில்லை, கூடிப்போயிருந்தது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கியிருந்தது. ஹைப்போநேட்ரீமியா.

யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. முடிவு 2005-ல் வெளியானது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு, நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு. மெதுவாக ஓடுகிறவருக்கு ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறதே.

இதையெல்லாம் படித்தது அப்புறம். முதல் முழு மாரத்தான், சென்னை, ஜனவரி. உத்தமபாளையத்தில் பட்ட அடி ஞாபகத்தில் இருந்ததால் எதையும் விடக் கூடாது என்று ஒவ்வொரு மேசையிலும் ரெண்டு டம்ளர். தாகமே இல்லை. 25 தாண்டும்போது விரலில் மோதிரம் இறுகியது. 35-ல் தலைவலி. 5 மணி 10 நிமிடத்தில் முடித்து வாந்தி எடுத்தேன். அறைக்குப் போய் எடை பார்த்தால் காலையில் இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூட! 42 கிலோமீட்டர் ஓடி எடை கூடிய மகராசன் நான். "தண்ணி பத்தல, இன்னும் குடி" என்று நண்பன் பாட்டிலை நீட்டினான். குடித்திருந்தால் இந்த த்ரெட்டை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். நல்லவேளை, உப்பு போட்ட கஞ்சி மட்டும் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்தேன். மூத்திரம் மூத்திரமாகப் போய் இரவில் சரியானது.

இப்போது பொதுவாகச் சொல்லப்படுவது: தாகம் எடுத்தால் குடி. அவ்வளவுதான். தாகம் என்பது லட்சக்கணக்கான வருடமாக உடம்பு வைத்திருக்கிற மீட்டர். அதை 1904-ல் ஒரு பக்கம் வளைத்தார்கள், 1996-ல் இன்னொரு பக்கம்.

இவ்வளவு உடம்பைப் பற்றிப் பேசினோம், மனசு? 2004-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை. சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். விழுங்கக் கூடாது. ஒரு சொட்டுச் சர்க்கரைகூட ரத்தத்தில் ஏறவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். சோறு வருகிறது என்று நாக்கு தகவல் அனுப்பியதும் மூளை பிடியைத் தளர்த்தியிருக்கிறது. அதாவது, நிஜமாகவே தீர்ந்துபோவதற்கு முன்னாலேயே "தீர்ந்துபோச்சு" என்று சொல்லி நிறுத்தப் பார்க்கிற காவல்காரன் மூளைக்குள் இருக்கிறான். நோக்ஸ் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே சொல்கிறார். அதில் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பாதி நம்பிக்கை உண்டு. கடைசி நூறு மீட்டரில் கூட்டத்தைப் பார்த்ததும் செத்த கால் மறுபடி ஓடுகிறதே, அந்தச் சக்தி அதுவரை எங்கே இருந்தது?

ஆனால் அந்தக் காவல்காரனை ஜெயிப்பதுதான் வீரம் என்று ரீல்ஸில் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் காவல்காரனை ஜெயித்துத்தான் கேஷுவாலிட்டிக்கு வந்தான். சோர்வைத் தள்ளி ஓடலாம். குளறலைத் தள்ளி ஓட முடியாது. கூட ஓடுகிறவன் தள்ளாடினால், பேச்சு மாறினால், வெயிலில் வியர்வையோடு குளிர்கிறது என்றால், அவனைப் பிடித்து நிறுத்துங்கள்.

நம்ம பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு வசதி உண்டு. எங்கே விழுந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு பம்புசெட் தொட்டி இருக்கும். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு உலகத்தில் இருக்கிற நல்ல முதலுதவி குளிர்ந்த தண்ணீரில் கழுத்து வரை அமுக்குவதுதான். 108-க்குப் போன் போடுங்கள், வண்டி வரும் வரை தொட்டியில் உட்கார வையுங்கள், ரெண்டு பேர் தலையையும் தோளையும் தண்ணீருக்கு மேல் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையா, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்ச்சி, அப்புறம்தான் பயணம். நினைவு இல்லாதவன் வாயில் தண்ணீர், சோடா, எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். நேராக நுரையீரலுக்குப் போகும். சாவி கதவுக்கு.

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ரெண்டு நாள் மூத்திரம் கட்டஞ்சாயா நிறத்தில் போனது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலைமை. கிரியேட்டினின் ஏறி, எங்களைப் பயமுறுத்தி, டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் மெல்ல இறங்கியது. எட்டாவது நாள் டிஸ்சார்ஜ்.

அவன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நல்லாத்தானே சார் போனான். எட்டு வருசமா ஓடுறவன். இனிமே ஓடவே கூடாதா?"

"ஓடலாம்மா. இப்ப வேணாம். கொஞ்ச நாள் நடக்கட்டும், ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்."

ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் எல்லாம் நார்மல். கூடவே அந்த மாஸ்டரும் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவராம். வெளி பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்து, ஓபி முடிகிற வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

"எங்களுக்கு அப்புடித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரித்து மேசையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா எவ்வளவுன்னு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன். மொத்தம் இருபத்தாறு பசங்க."